தங்கையின் பெயரில் நான் எழுதிய கடிதம்

போன வருடம் நவம்பர் மாதம், கிழக்கு லண்டன் மனோர் பார்க்கில் இருக்கும் எங்கள் வீட்டு முன்னறையில் இது நடந்தது. மாலை ஐந்து மணி இருக்கும். என் தங்கை மடிக்கணினிக்கு முன்னால் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள். திரையில் அமெரிக்காவிலிருந்து ஒரு பயிற்சியாளர் அம்மா பேசிக்கொண்டிருந்தார். கமராவில் விழாத மூலையில், மடியில் குறிப்புப் புத்தகத்துடன் நான். அந்த இருபது நிமிடத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

தங்கைக்கு அப்போது பதினேழு வயது. ஈட்டி எறிபவள். பள்ளிக்கூடத்தில் அவள் பந்து எறிந்ததைப் பார்த்த ஆசிரியை ஒருவர் ஈட்டியைக் கையில் கொடுத்ததில் தொடங்கியது. ஐந்து வருடமாக மழையோ பனியோ வாரத்தில் நான்கு நாள் மைதானத்துக்குப் போய்விடுவாள். அவளுடைய ஈட்டி எங்கள் மாடிப்படிக் கைப்பிடியோடு சாய்ந்து கிடக்கும். அம்மா அதில் ஈரத்துவாய் காயப்போடுவார். அவள் வந்து கத்துவாள். கோயிலில் ஓர் அன்ரி, "முருகனே வேலைக் கையில வைச்சுக்கொண்டு நிக்கிறார், உங்கட மகள் தூக்கி எறிஞ்சுபோட்டுப் பிறகு தேடித் திரியிறாள்" என்று அம்மாவைச் சீண்டுவார். அம்மா சிரிப்பார். வீட்டுக்கு வந்து தோள் அகலமாகிறது, சேலைச் சட்டை தைக்கிறவள் என்ன நினைப்பாள் என்று கவலைப்படுவார்.

அமெரிக்கக் கல்லூரிகளில் விளையாட்டில் கெட்டிக்காரரை உதவித்தொகை கொடுத்துப் படிக்க எடுப்பார்கள். யாரை எடுப்பது என்பதை அங்குள்ள பயிற்சியாளர்கள்தான் தீர்மானிப்பார்கள். நாம்தான் அவர்களுக்கு எழுதி, காணொளி அனுப்பி, எறிந்த தூரத்தைச் சொல்லி, எங்களைக் கவனியுங்கள் என்று கேட்க வேண்டும். தங்கைக்கு அதில் ஆசை வந்துவிட்டது. வேறு எதையும் அவள் அப்படி ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

ஆனால் அந்தக் கோடையில் முழங்கையில் ஒரு பிடிப்பு. முக்கியமான போட்டி ஒன்றில் எறிய முடியவில்லை. அதனால் அவள் காட்டக்கூடிய நல்ல தூரம் முந்தின வருடத்தினுடையது. அதோடு தொடங்கியது தலைவலி. ஒரு பயிற்சியாளர் மூன்று முறை அன்பாக எழுதிவிட்டு வேறு கல்லூரிக்கு மாறிப் போனார். போனவர் போனவர்தான். இன்னொருவர் இந்த வருட இடங்கள் முடிந்துவிட்டன என்றார். ஒருவர் வேறு யாரோ ஒரு பெண்ணின் பெயரைப் போட்டு இவளை வாழ்த்தினார். மற்றவர்களிடமிருந்து ஒன்றும் இல்லை. ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒரு படிவம். ஒவ்வொன்றிலும் அவள் உயரத்தை அடியிலும் அங்குலத்திலும் கேட்டார்கள். வகுப்பு முடிந்து வந்ததும் போனைப் பார்ப்பாள், குப்புற வைப்பாள், திரும்ப எடுப்பாள். அம்மா இதற்குள் பாதிக் கோயிலுக்குச் சொல்லிவிட்டிருந்தார். ஈஸ்ட் ஹாமில் மரக்கறி வாங்கப் போனாலும், "என்ன பிள்ளை, அமெரிக்காவுக்கு எப்ப பயணம்?" என்று ஒருவர் கேட்பார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு வெண்டிக்காய் பொறுக்குவேன்.

இந்த இடத்தில் என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அப்பா ஐந்தாம் வகுப்பு, அம்மா எட்டு. இருவரையும் ஊரில் சண்டை இடம் இடமாகத் துரத்தியதில் புத்தகங்கள் போய்விட்டன. ஏழு வயதில் இங்கே வந்த நான் பல்கலைக்கழகம் போய்ப் பட்டம் வாங்கினேன். அதில் எனக்குப் பெருமை உண்டு, மறைக்க மாட்டேன். எங்கள் வீட்டில் கடிதம் என்றால் நான்தான். கவுன்சிலுக்கு, டொக்டருக்கு, வாகனத் தண்டச் சீட்டுக்கு, அப்பாவின் வேலையிடத்துக்கு எல்லாம் பத்து வயதிலிருந்து என் கையெழுத்து. ஞாயிற்றுக்கிழமைகளில் தெரிந்தவர்களும் கடித உறையைக் கொண்டு வருவார்கள். எப்படி எழுதினால் அலுவல் நடக்கும் என்று எனக்குத் தெரியும். கஷ்டத்தை முதலில் வைக்க வேண்டும். வாசிக்கிறவர் இரண்டாவது பந்திக்கு வருமுன் அவர் மனம் இளக வேண்டும். எங்களுக்குத் தெரிந்த கடிதம் அது ஒன்றுதான்.

தங்கை பயிற்சியாளர்களுக்கு அனுப்பிய கடிதத்தை ஒருநாள் வாங்கிப் பார்த்தேன். நாலு வரி. நான் ஈட்டி எறிகிறேன், என் தூரம் இது, காணொளி இது, முழங்கை தேறி வருகிறது, நன்றி. எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது.

"இதை வாசிச்சு ஆரடி உன்னை எடுப்பினம்? கரன்ட் மீற்றர் ரீடிங் குடுத்த மாதிரி இருக்கு."

"அவைக்குத் தூரம்தான் வேணும், அக்கா."

"உனக்குத் தெரியாது. என்னட்டை விடு."

"சரி, ஸ்பெல்லிங் மட்டும் பார்" என்று சொல்லி மின்னஞ்சல் கடவுச்சொல்லைத் தந்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள். அவள் கேட்டது அவ்வளவுதான்.

நான் புதிதாக எழுதினேன். அப்பா இங்கே வந்த கதையை எழுதினேன். கிழக்கு ஐரோப்பாவில் ஒரு எல்லைக் காட்டில், பனிக்குள், காசு வாங்கிக் கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் விட்டுவிட்டுப் போன பிறகு அவர் நடந்த நாட்களை எழுதினேன். கூட நடந்த ஒருவர் அந்தக் காட்டிலிருந்து திரும்பி வராததை எழுதினேன். குளிரில் கறுத்துப்போய் வெட்டி எடுக்கப்பட்ட இரண்டு கால்விரல்களை எழுதினேன். பிறகு, "ஒவ்வொரு முறை ஈட்டியை எறியும்போதும் அப்பா நடந்த அந்தக் காட்டை நினைத்துக்கொள்கிறேன்" என்று ஒரு வரி. அது நான் கற்பனை செய்தது. எழுதியதும் எனக்கே கண் கலங்கியது. நல்ல கடிதம் என்று நினைத்தேன். எட்டுப் பேருக்கு அனுப்பினேன்.

அந்தக் கதை எனக்கு எப்படித் தெரியும் என்றால், பதினொரு வயதில் ஒருநாள் அப்பாவின் அகதி வழக்குக்காக வழக்கறிஞர் அலுவலகத்துக்கு வரவேண்டிய மொழிபெயர்ப்பாளர் வரவில்லை. அப்பா சொல்லச் சொல்ல நான்தான் ஆங்கிலத்தில் சொன்னேன். தங்கை அப்போது அம்மாவின் மடியில் பிஸ்கட் தின்றுகொண்டிருந்த குழந்தை. அதற்குப் பிறகு அந்தக் கதையை வீட்டில் யாரும் எடுக்கவில்லை. விரல்கள் எங்கே என்று அவள் கேட்கும் வயது வந்தபோது, வேலையிடத்து மெஷினில் போனதென்று அம்மா சொல்லிவிட்டார். அவளும் நம்பிவிட்டாள்.

எட்டில் மூன்று பேர் ஒரே வாரத்தில் பதில் எழுதினார்கள். அதில் இருவர் வாழ்த்தோடு நிறுத்திக்கொண்டார்கள். மற்றவர், உன் கடிதம் என்னைத் தொட்டது, உன்னோடு பேச வேண்டும், எங்களிடம் ஓர் இடம் மிச்சம் இருக்கிறது என்று எழுதியிருந்தார். தங்கை படிகளில் இரண்டிரண்டாகத் தாவி வந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். அந்தப் பதிலுக்குக் கீழே இருந்த, நான் அனுப்பிய கடிதத்தை அவள் வாசிக்கவில்லை. நானும் வாசி என்று சொல்லவில்லை. "பார்த்தியே?" என்று மட்டும் கேட்டேன். அந்தக் கேள்வியில் எவ்வளவு தலைக்கனம் இருந்தது என்பது எனக்குத்தான் தெரியும்.

அப்படித்தான் அந்த நவம்பர் மாலை வந்தது. முதல் பத்து நிமிடம் நன்றாகவே போனது. பயிற்சியாளர் முழங்கையைப் பற்றிக் கேட்டார். முழு வேகத்தில் எறிந்தால் இன்னும் நோகிறது, ஆனால் குறைந்த ஓட்டத்தில் எறிந்து பழகுகிறேன் என்று இவள் உள்ளதைச் சொன்னாள். நான் மூலையிலிருந்து வேண்டாம், சொல்லாதே என்று கையசைத்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. பயிற்சியாளர் சிரித்தார். இரண்டு பேரும் காலை எப்படி ஊன்றுவது என்று எனக்கு விளங்காத ஏதோ பேசினார்கள். பிறகு அவர், உன் கடிதத்தில் ஓர் இடத்தை எங்கள் அணிக்கே வாசித்துக் காட்டினேன் என்று சொல்லி, அதைச் சத்தமாக வாசித்தார். காடு. பனி. திரும்பி வராதவர். விரல்கள்.

தங்கையின் முகத்தை நான் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருந்தேன். அது மெல்ல என் பக்கம் திரும்பியது. நான் தலையாட்டினேன். ஓம் என்று சொல், தொடர்ந்து பேசு என்று. என்னை நினைக்க எனக்கே வெட்கமாக இருக்கிறது. அந்த நேரத்திலும் நான் அலுவல் நடக்க வேண்டும் என்றுதான் பார்த்தேன்.

அவள் திரையைப் பார்த்து, அதை இன்னொரு தடவை வாசிக்க முடியுமா என்று கேட்டாள். அவர் வாசித்தார். பிறகு இவள் சொன்னாள், இதை நான் எழுதவில்லை, என் அக்கா எழுதினாள், என் அப்பாவுக்கு இப்படி நடந்தது எனக்கு இப்போதுதான் தெரியும். எறியும்போது நான் எதையும் நினைப்பதில்லை, நினைத்தால் ஈட்டி விழுந்துவிடும்.

பயிற்சியாளர் வாசித்த தாளைக் கீழே வைத்தார். உண்மையைச் சொன்னதற்கு நன்றி, அப்பாவோடு போய்ப் பேசு, நாம் பிறகு கதைக்கலாம் என்று மென்மையாகச் சொல்லி முடித்துக்கொண்டார்.

திரை அணைந்ததும் கதவைத் திறந்துகொண்டு அம்மா தேத்தண்ணியோடு வந்தார்.

"என்னவாம்? எடுத்திட்டாங்களே?"

அம்மா எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டுத் தட்டை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

"அது உண்மையே, அக்கா?"

"ஓம்."

"அமெரிக்காவில இருக்கிற ஆரோ ஒரு மனுசிக்குத் தெரியும். அவான்ர டீமுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது."

"உனக்காகத்தானே எழுதினனான்."

"எனக்காக எண்டால் என்னைப் பற்றி எழுதியிருப்பாய்."

அவள் மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அப்பா குசினியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நானே போய்ச் சொன்னேன். ஏசுவார் என்று நினைத்தேன், ஏசியிருந்தால் நல்லது. அவர் பாதிச் சோற்றில் கை கழுவினார். "அதை நான் கேஸுக்கெண்டு சொன்னது, பிள்ளை" என்றார். துடைத்த கையைத் திரும்பத் திரும்பத் துடைத்தார். அவ்வளவுதான்.

எட்டு நாள் கழித்து அந்தப் பயிற்சியாளரிடமிருந்து கடிதம் வந்தது. கடைசி இடத்தை வேறொரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார். அந்தப் பெண்ணோடு பல மாதங்களாக நேரடியாகப் பேசி வருகிறேன், அவளை எனக்குத் தெரியும், உன்னை இனித்தான் அறிய வேண்டும், இரண்டு பேரில் ஒருவரை எடுக்க வேண்டியிருந்தது என்று எழுதியிருந்தார். கோபமே இல்லாத கடிதம். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

தங்கை ஒருநாள் முழுக்க அழுதாள். பள்ளிக்கூடம் போகவில்லை. அடுத்த நாள் எழும்பிப் பாணும் முட்டையும் சாப்பிட்டுவிட்டுப் பயிற்சிக்குப் போய்விட்டாள். நான்தான் ஆறவில்லை. வேலையில் இருந்தபடி அந்தப் பயிற்சியாளருக்கு மேன்முறையீடு எழுதத் தொடங்கினேன். எங்கள் வீட்டில் இல்லை என்று ஒரு கடிதம் வந்தால் அடுத்தது அப்பீல். அப்படித்தான் ஹோம் ஆபீஸிடமிருந்து அப்பாவுக்கு இங்கே இருக்க அனுமதி கிடைத்தது. அப்படித்தான் எங்களுக்கு இந்த வீடு கிடைத்தது. தவறு முழுவதும் என்னுடையது, அவளைத் தண்டிக்கக் கூடாது, கீழ்வரும் காரணங்களைக் கருத்தில் எடுக்கவும் என்று எண் போட்டு மூன்று பக்கம். ஒரு நல்ல காரியம், இந்த முறை அனுப்புமுன் அவளிடம் காட்டினேன்.

முழுவதையும் வாசித்தாள். ஒவ்வொரு எண்ணாக. பிறகு தாள்களை அடுக்கி என் கையில் தந்தாள்.

"அக்கா, இது ஹோம் ஆபீஸ் இல்லை."

"எண்டாலும் ஒருக்காக் கேட்டுப் பார்க்கலாம்தானே."

"அவாவுக்கு வேற ஒராளைப் பிடிச்சிருக்கு. அது பிழையே? அந்தப் பிள்ளை பாவமில்லையே?"

"நீ ஏன் இப்பிடி விட்டுக்குடுக்கிறாய்?"

"விட்டுக்குடுக்கேல்லை. சனிக்கிழமை வந்து நாடா பிடி. வாயைத் திறக்கக் கூடாது."

மைதானத்தில் வழமையாக அளவு நாடா பிடிக்கும் பெண்ணுக்குக் காய்ச்சலாம். அந்தச் சனிக்கிழமை காலை கையுறைக்குள் விரல் மரத்துப்போகும் குளிர். ஈட்டி குத்திய இடத்தில் நாடாவின் நுனியை நான் பிடிக்க வேண்டும். மறுமுனையில் கழகத்துப் பயிற்சியாளர், நரைத்த வெள்ளைக்காரர் ஒருவர், தூரத்தை வாசிப்பார். இவள் ஓடி வருவாள், எறிவாள். கோட்டை மிதித்தால் அந்த எறி கணக்கில் இல்லை. நுனி முதலில் நிலத்தைத் தொடாவிட்டாலும் கணக்கில் இல்லை. கணக்கில் இல்லை என்றால் அவர் கையை உயர்த்துவார். இவள் புல்வெளி முழுக்க நடந்து போய் ஈட்டியைப் பிடுங்கி, மண்ணைத் துடைத்து, நடந்து திரும்புவாள். திரும்ப ஓடுவாள்.

ஐந்தாவதோ ஆறாவதோ முறை அவர் கையை உயர்த்தியபோது என்னால் பொறுக்க முடியவில்லை. அவ்வளவு தூரம் போயிருந்தது. நாடாவைப் போட்டுவிட்டு அவரிடம் போனேன். கோட்டில் பட்டதாக எனக்குத் தெரியவில்லையே, நீங்கள் நின்ற இடத்திலிருந்து சரியாகத் தெரிந்திருக்குமா என்று கேட்டேன். அது பயிற்சி. போட்டிகூட இல்லை. அந்த மனிதர் என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

பின்னால் தங்கையின் குரல் கேட்டது. "அக்கா, பட்டது. எனக்குத் தெரியும். என்ர கால்."

திரும்பிப் போய் நாடாவை எடுத்தேன். அன்று அவள் முப்பது தடவைக்கு மேல் எறிந்திருப்பாள். நல்ல தூரத்தில் சரியாகக் குத்தியது இரண்டோ மூன்றோ. மற்றதெல்லாம் குறைந்த தூரம், கையுயர்த்தல், நடை, மண் துடைப்பு. ஐந்து வருடமாக வாரத்தில் நான்கு நாள் இந்தப் பிள்ளை இப்படித்தான் இல்லை என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள், கேட்டுவிட்டு அடுத்ததற்கு ஓடுகிறாள் என்பதை நான் அந்தக் குளிரில் நின்றபோதுதான் கண்டேன். தோல்வியைத் தாங்க அவளுக்கு நான் உதவி செய்ய வேண்டும் என்றுதான் இவ்வளவும் செய்தேன். உண்மையில் இவ்வளவு நாளும் தாங்க முடியாமல் அலைந்தது நான். முதல் தடவையிலேயே பாஸ், முதல் தடவையிலேயே வேலை என்று வந்தவளுக்கு, இல்லை என்று ஒருவர் சொன்னால் அதோடு என்ன செய்வது என்று தெரிந்திருக்கவில்லை. சண்டை பிடிக்க மட்டும் தெரிந்திருந்தது.

அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். பஸ் தரிப்பில், கீழே பார்த்துக்கொண்டு. "கடவுச்சொல்லை மாத்திட்டன்" என்றாள். பிறகு, "கை நல்லாக் குளிருதோ?" என்று கேட்டுத் தன் சுடுநீர்ப் போத்தலைத் தந்தாள்.

அப்பாவோடு அவள் பேசியது அதற்கும் இரண்டு வாரம் கழித்து. ஒரு ஞாயிறு அப்பா அவளைக் காரில் மைதானத்தில் இறக்கிவிடப் போனார். இருபது நிமிட வேலைக்கு மூன்று மணித்தியாலம் ஆனது. வந்தபோது இரண்டு பேருக்கும் கண் வீங்கியிருந்தது, இரண்டு பேரும் கையில் பொரித்த கிழங்குப் பையோடு நின்றார்கள். அவளுக்குத் தமிழ் அரைகுறை. அவருக்கு ஆங்கிலம் அரைகுறை. எந்த மொழியில் சொன்னார், எவ்வளவு சொன்னார் என்று எனக்குத் தெரியாது. அந்தக் கதை என் வாய் வழியாக வராமல் ஓர் ஆளிடம் போய்ச் சேர்ந்தது அதுதான் முதல் முறை. கேட்க நாக்குத் துடித்தது. கேட்கவில்லை.

அந்த வருடம் அமெரிக்கா சரிவரவில்லை. உயர்தரப் பரீட்சை எழுதினாள், ஒரு வருடம் பொறுத்துப் போகிறேன் என்று முடிவெடுத்தாள், முழங்கையும் தேறிக்கொண்டு வருகிறது. அம்மா கோயிலில் என்ன சொல்கிறார் என்று நான் விசாரிப்பதில்லை. இந்தக் கோடையில் அவள் தானாகவே பயிற்சியாளர்களுக்குத் திரும்ப எழுதத் தொடங்கினாள். கடைசி இடத்தை வேறொருத்திக்குக் கொடுத்த அந்தப் பயிற்சியாளருக்கும் எழுதியிருக்கிறாள் என்று அவள் வாயாலேயே ஒருநாள் வந்தது. எத்தனை வரி, என்ன எழுதினாள், எழுத்துப் பிழை இருந்ததா, ஒன்றும் தெரியாது. போன செவ்வாய்க்கிழமை போனைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி நின்றாள். நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று அந்த முதுகைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. நான் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தேன். மடித்ததையே பிரித்துத் திரும்ப மடித்தேன்.

எல்லாருக்காகவும் பேசியே வளர்ந்த எனக்கு, ஒருவர் தானாகப் பேசும்வரை பக்கத்தில் சும்மா நிற்பதுதான் இன்றைக்கும் பெரும்பாடாக இருக்கிறது. ஆனாலும் நிற்கிறேன்.